விலை சொல்ல வந்தவள்

தக்கலையில் கிளம்பும்போது தூறலாக இருந்தது, மணவாளக்குறிச்சி நெருங்கும்போது கனத்துவிட்டது. சபிதா ஸ்கூட்டரை ஓரம் கட்டவில்லை. நனைந்தாலும் வேலையை முடித்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று நினைத்தாள். சீக்கிரம் திரும்பு என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அது வேறு விஷயம்.

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய லேப்டாப் வாங்கி விற்கும் கடை அவளுடையது. கடைக்குப் பின்பக்கமே வீடு. புருஷன் குவைத்துக்குப் போனவன், முதலில் தினமும் கூப்பிட்டான், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டான், பிறகு கூப்பிடவில்லை. அம்மா இருந்தவரை வீட்டில் ஒரு இருமல் சத்தமாவது கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவும் போன பிறகு, கடையை அடைத்தால் மறுநாள் கடை திறக்கும்வரை அவள் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

இந்த வேலை மஸ்கட்டிலிருந்து வந்தது. சிந்தியா என்ற பெண் கூப்பிட்டிருந்தாள்.

"அக்கா, எங்க தம்பிக்க லேப்டாப் ஒண்ணு இருக்கு. வாங்கும்போது ரெண்டு லட்சத்துக்கு மேல. அப்பா ஒவ்வொரு கடைக்காரரா வரச் சொல்லுதாரு. ஒருத்தர் நாப்பதாயிரம்னு சொன்னாராம். ஒருத்தர் எம்பதுன்னு சொன்னாராம். இன்னொருத்தர் விலையே சொல்லாம எறங்கிப் போயிட்டாராம். எனக்கு நியாயமான விலை என்னன்னு தெரிஞ்சா போதும். அத வித்துட்டு அப்பாவ இங்க கூட்டிட்டு வந்துருவேன். சும்மா அந்த ரூமுக்குள்ளயே கெடக்காரு."

தம்பியின் பெயர் ஸ்டெனி. சினிமாவுக்குச் சத்தம் பதிவு செய்து கொடுக்கிற வேலை. போன மழைக்காலத்தில், அலைச் சத்தம் எடுக்கவேண்டும் என்று தனியாகப் பாறைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இரண்டு நாள் கழித்துக் கடல் அவனைக் கொண்டுவந்து போட்டது. லேப்டாப் வீட்டில் இருந்ததால் தப்பித்தது. இதையெல்லாம் சிந்தியா ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் திறக்கும் எண்ணையும் சொன்னாள்.

வீடு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் குடை பிடித்தபடி ஒரு பெரியவர் நின்றார். ஞானையன். கடல்மணலிலிருந்து தாது பிரிக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ராகேல் போய் வருஷங்கள் ஆகியிருந்தன.

"விலை சொல்ல வந்த பிள்ள நீங்கதானா? வாங்க மோளே. சாயா குடிக்கியளா?"

"வேண்டாம் ஐயா. பாத்துட்டுக் கெளம்புதேன்."

"எல்லாரும் அங்ஙனதான் சொல்லுதாங்க" என்றார் அவர்.

ஸ்டெனியின் அறை பின்பக்கம் இருந்தது. உள்ளே கால் வைத்ததும் மழை நின்றுபோனது போல இருந்தது. நிற்கவில்லை. சுவர் முழுக்க ஸ்பாஞ்சும் முட்டை அட்டைகளும் ஒட்டி, ஜன்னலைக் கம்பளியால் அடைத்து, வெளிச்சத்தம் ஒரு துளி உள்ளே வராதபடி செய்து வைத்திருந்தான் அவன். தலைக்கு மேல் ஃபேன் மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகியது. அடைத்துக்கிடந்த அறையின் வாசனை. அதற்கடியில் ஈரத் துணியை உலர்த்தாமல் விட்டது போல ஒரு வாடை.

மேசையில் லேப்டாப் ஒரு வெள்ளைத் துண்டால் மூடப்பட்டிருந்தது. துண்டு புதிதாகத் துவைத்தது. பெரியவர் தினமும் மாற்றுகிறார் போல.

சபிதா உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். இந்த வேலையில் அவளுக்கு ஒரு நிம்மதி உண்டு. பொருள் பொய் சொல்லாது. கவிழ்த்துப் பார்த்தாள். உலோக உடம்பு, ஒரு மூலையில் மட்டும் சின்ன நசுங்கல். கீல் இறுக்கம் குறையவில்லை. பேட்டரி தேயவே இல்லை. எப்போதும் ஒயரில் போட்டு வேலை பார்த்திருக்கிறான். கீபோர்டில் ஒரு எழுத்தும் அழியவில்லை. நாற்பதாயிரம் சொன்னவன் ஏமாற்றப் பார்த்திருக்கிறான் என்று தோன்றியது.

பிறகு ஸ்க்ரீன். புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் முழு வெள்ளை, பிறகு சிவப்பு, பச்சை, நீலம், கடைசியில் முழுக் கறுப்பு. கறுப்பு வந்ததும் ஸ்க்ரீன் ஒரு கண்ணாடியாக ஆனது. அதில் அவள் முகம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது. கதவுப்பக்கம் பெரியவர் நிற்பது தெரிந்தது.

கட்டிலில் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

தலையைக் குனிந்து, எதையோ கூர்ந்து கேட்கிறவன் போல.

சபிதா திரும்பினாள். கட்டில் காலியாகக் கிடந்தது. விரிப்பு மட்டும் ஓரத்தில் குழிந்திருந்தது. பெரியவர் கதவிலிருந்து நகரவே இல்லை. அவர் கட்டிலைப் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மோளே?"

"ஒண்ணும் இல்ல ஐயா."

நனைந்து வந்த அசதி என்று சொல்லிக்கொண்டாள். ஸ்பீக்கர் பார்த்தாள், சுத்தம். இனி மைக்தான் பாக்கி. பதிவை ஓடவிட்டு, எப்போதும் சொல்வதைச் சொன்னாள்.

"ஹலோ, மைக் டெஸ்ட். ஒண்ணு, ரெண்டு, மூணு."

நிறுத்திவிட்டுப் போட்டுக் கேட்டாள். அவள் குரல் பளிச்சென்று வந்தது. ஆனால் ஃபேனின் முனகல் அதில் இல்லை. விலை கூடின லேப்டாப்பில் இரைச்சலை வடிகட்டுவார்கள், அதனால்தான் இருக்கும். மனதுக்குள் விலையைக் கொஞ்சம் ஏற்றினாள். அவள் குரல் முடிந்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அந்த மிச்சத்தில் ஒரு சத்தமும் இல்லை. மூச்சுக்கூட இல்லை. எங்கோ ஆழத்தில், சுவரே இல்லாத ஓர் இடத்தில் பிடித்தது போன்ற அமைதி.

பிறகு ஓர் ஆண்குரல், மிகப் பக்கத்தில், மெதுவாக:

"நாலு."

சபிதாவின் கை விசைமேலேயே நின்றுவிட்டது.

பழைய பதிவு எதுவோ கலந்திருக்கலாம். அவன் சத்தம் பிடிக்கிறவன், ஆயிரம் பதிவுகள் உள்ளே இருக்கும். அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். இந்தத் தடவை எண்ணவில்லை.

"ஆரு அது?"

போட்டுக் கேட்டாள். அவள் குரல். பிறகு அந்த அமைதி.

"அக்கா, அப்பா எங்க?"

பெரியவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குக் கேக்கலியா ஐயா?"

"உங்க சத்தம் மட்டும்தான் எனக்குக் கேக்கும். விலை சொல்ல வாறவங்க மூஞ்சியத்தான் நான் பாத்துட்டு நிப்பேன். இந்த மைக்குப் பாக்கும்போது எல்லாருக்கும் மூஞ்சி மாறும். ஒருத்தர் பையத் தூக்கிட்டு ஓடிட்டாரு. ஒருத்தர் ஒண்ணும் இல்லன்னு சொன்னாரு, கை மட்டும் வெறச்சுது. என்ன சொன்னான்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல மோளே. அதுக்காகத்தான் ஒவ்வொருத்தரா கூப்புட்டுட்டு இருக்கேன். விக்கதுக்கு இல்ல."

எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் சபிதாவுக்கும் இருந்தது. ஆனால் அவர் கதவை மறைக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டுத்தான் நின்றார். போகிறவர்களைத் தடுக்காமல் பழகியவர் போல. அதனாலேயே அவளால் போக முடியவில்லை.

"அப்பா எங்கன்னு கேக்கான்."

ஞானையன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். குழிந்திருந்த இடத்தை விட்டு, அதற்குப் பக்கத்தில்.

"இங்கதானே நிக்கேன். அவன்கிட்ட சொல்லுங்க. இங்கதான் இருக்கேன்னு."

அவள் சொன்னாள். மைக்கைப் பார்த்து, அறிமுகமில்லாத ஒரு வீட்டில், இறந்துபோன ஒரு பையனிடம், உன் அப்பா கட்டிலில் உன் பக்கத்தில் இருக்கிறார் என்று சொன்னாள். போட்டுக் கேட்டாள்.

"கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தாச்சு. பதிலே இல்ல. அப்பாவுக்கு எங்கிட்ட கோவமா?"

அதையும் அவள் சொன்னாள். பெரியவர் தோள்துண்டை வாயில் அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினார். கோபம் இல்லை என்று அவர் சொல்ல வருகிறார், குரல் வரவில்லை. அவள் அவருக்காக அதையும் மைக்கில் சொன்னாள். "கோவம் இல்லையாம். இல்லவே இல்லையாம்."

இந்தத் தடவை பதிவில் அமைதி வெகுநேரம் நீண்டது. போய்விட்டான் போல என்று அவள் நினைத்தாள்.

"அக்கா, நீங்க போவாதிய."

"இங்க ஒரு சத்தமும் இல்ல."

அவன் சொன்ன இந்தக் கடைசி வரி லேப்டாப்பிலிருந்து வரவில்லை. அவள் காதுக்குப் பின்னாலிருந்து வந்தது.

சபிதா மூடியைப் படாரென்று அடைத்தாள்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல ஐயா. பதிவாகல."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

முன்னறைக்கு வந்ததும் மழைச் சத்தம் திரும்பக் கேட்டது. அந்தச் சத்தம் அவ்வளவு பிரியமானது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. வாய் மட்டும் தன் தொழிலைச் செய்தது.

"ஒண்ணே கால் லட்சம் தரலாம் ஐயா. மாடல் இன்னும் பழசாகல. பேட்டரி, ஸ்க்ரீன் எல்லாம் புதுசு மாதிரி. மூலையில உள்ள நசுங்கலுக்குக் கொஞ்சம் கழிக்கணும். இதுக்குக் கீழ கேட்டா குடுக்காதிய. இதுக்கு மேல ஒருத்தரும் தரமாட்டாங்க."

"நீங்களே கொண்டு போங்க. பைசா வேண்டாம்."

"ஐயா..."

"எனக்கு அவன் சத்தம் கேக்காது. அவனுக்கு எனக்க சத்தம் கேக்காது. ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் தனித்தனியா கெடக்கோம். உங்ககிட்ட பேசுதானே. அவன் சின்னதுலயே பேச்சுக்கு ஆளு இல்லாம இருக்கமாட்டான் மோளே."

"எனக்கு வேண்டாம் ஐயா" என்று சொல்லி, மழையிலேயே ஸ்கூட்டரை எடுத்தாள். கேட்டைத் தாண்டும்போது வண்டி ஒருமுறை பின்பக்கம் அமுங்கி நிமிர்ந்தது. பள்ளம் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து துணி மாற்றி, விளக்கெல்லாம் போட்டு, சிந்தியாவுக்கு ஒரு குரல் செய்தி பேசினாள். விலையைச் சொன்னாள். இப்போதைக்கு விற்கவேண்டாம், அப்பாவை அவசரப்படுத்தவேண்டாம் என்றும் சொன்னாள். நடந்ததைச் சொல்லவில்லை. அனுப்புவதற்கு முன்னால், சரியாக வந்திருக்கிறதா என்று போட்டுக் கேட்டாள்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வீடு அது. நாகர்கோவில் பஸ்ஸின் ஹாரனும் கண்டக்டரின் கூப்பாடும் எந்நேரமும் கேட்கும். அவள் பேசும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பதிவில் அது எதுவும் இல்லை.

அவள் குரல் மட்டும். அது முடிந்த பிறகு, அந்தப் பெரிய, வெறுமையான அமைதி.

"அக்கா, இது ஆருக்க வீடு?"

மறுநாள் காலையில் ஞானையன் கூப்பிட்டார். எண்ணைச் சிந்தியாவிடம் வாங்கியிருந்தார்.

"மோளே, ரூம் சும்மா கெடக்கு." அவர் குரல் தேய்ந்திருந்தது. "எனக்குச் சத்தம் கேக்காதுன்னு சொன்னேன்லா. ஆனா ஆள் இருக்கது தெரியும். கதவு பக்கத்துல போனாலே தெரியும். நேத்து நீங்க போனதுலேருந்து இல்ல. உங்ககூட வந்துட்டானா?"

சபிதாவால் பொய் சொல்ல முடியவில்லை. வந்துவிட்டான் என்றாள்.

அன்று மத்தியானமே கடையை அடைத்துவிட்டு மணவாளக்குறிச்சிக்குப் போனாள். அவனைத் திரும்ப விட்டுவிட்டு வரவேண்டும். ஒருவர் வீட்டிலிருந்து, விலைக்கு இல்லாத ஒன்றை, கொடுக்காமலே தூக்கிக்கொண்டு வந்தது போல அவளுக்கு இருந்தது. அதே மேசையில் உட்கார்ந்து பதிவை ஓடவிட்டுப் பேசினாள். ஸ்டெனி, இது உன் வீடு, இங்கேயே இரு என்றாள். போட்டுக் கேட்டாள். அவள் குரலும், ஃபேனின் முனகலும், பெரியவர் தொண்டையைச் செருமியதும் தெளிவாகப் பதிவாகியிருந்தன. மறுபடி மறுபடி பேசிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கறுப்பு ஸ்க்ரீனில் அவளும் பெரியவரும் மட்டும் தெரிந்தார்கள்.

ஞானையன் ஒயரைச் சுற்றி, லேப்டாப்போடு சேர்த்து அவளிடம் கொடுத்தார்.

"இனி இது வெறும் சாமான்தான். நீங்க சொன்ன விலை இப்பதான் நியாயம். சிந்தியா பேருல போட்டுருங்க." கேட்வரை வந்தவர் தயங்கி நின்றார். "சாயங்காலம் ஒரு நேரம் நான் கூப்புடட்டா? போன அவன் பக்கத்துல வச்சிருங்க. பதில் வேண்டாம். போன் வழியாவது எனக்க சத்தம் அவனுக்குக் கேட்டா போதும்."

அந்த லேப்டாப்பை அவள் துடைத்துக் கடையில் வைத்தாள். பூதப்பாண்டியிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண் வாங்கிக்கொண்டு போனாள். மைக்கை அவளே சோதித்துப் பார்த்துத் திருப்தியாகத்தான் போனாள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஞானையன் கூப்பிட்டார். சபிதா ஸ்பீக்கரைப் போட்டு, முன்னறை மேசையில் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர் பேசுவார். தேங்காய் வெட்ட ஆள் வந்ததையும், சபையில் புது உபதேசியார் வந்ததையும், மீன் வாங்கியதையும் சொல்வார். சில நாள் ஒன்றும் பேசாமல் இருப்பார். அவர் பேசி முடித்ததும் அவள் ஒரு பதிவு ஓடவிட்டு, என்ன சொல்லணும் என்று ஸ்டெனியிடம் கேட்பாள். "என்ன மீனு வாங்கினாருன்னு கேளுங்க அக்கா" என்று வரும். அவள் அதைப் பெரியவரிடம் சொல்வாள். நெத்திலி என்பார் அவர், சிரித்துக்கொண்டே.

பயம் போய்விட்டது என்று சொல்லமுடியாது. குளிக்கும்போதும் கண்ணாடி முன்னால் நிற்கும்போதும் அது இருந்தது. ஆனால் நின்றுகொண்டே சாப்பிடுகிற பழக்கத்தை அவள் எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இப்போது உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். அவன் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். அவளும் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும், சில சாயங்காலங்களில் பதிவைப் போடும்போது, அக்கா நீங்க சாப்பிட்டியளா என்று ஒருமுறை வராதா என்று காது தேடியது உண்டு.

கிறிஸ்துமசுக்கு வரும்போது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சிந்தியா சொல்லியிருந்தாள். அதற்கு முன்னாலேயே வந்தாள். ஒருநாள் காலையில் பால்காரர் கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை. ஞானையன் மகனின் கட்டிலில், உறக்கத்திலேயே போயிருந்தார்.

அடக்கத்துக்கு சபிதா போனாள். கல்லறைத் தோட்டத்தில் கடற்காற்று குடைகளைப் பிடுங்கியது. மகனுக்குப் பக்கத்தில் அப்பாவை வைத்தார்கள். சிந்தியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தினமும் உங்ககிட்ட பேசுவாராமே அக்கா. அப்பா ரொம்பத் தனியாப் போயிட்டாருன்னு நெனச்சேன். நீங்க இருந்திருக்கிய." அழுதுகொண்டே அப்பாவின் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்து, கைப்பைக்குள் வைத்தாள்.

சபிதா வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. முன்னறையில் விளக்கைப் போடவில்லை. அவனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே அடுப்படிக்குப் போனாள். சொல்லவேண்டும். அவள்தான் சொல்லவேண்டும். போனைக் கையில் எடுத்தாள், பதிவை ஓடவிடத் தைரியம் வரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, அடுப்பில் கொதிக்கும் தண்ணீரைப் பார்த்து நின்றாள்.

வழக்கமாக அவர் கூப்பிடும் நேரம் வந்தது.

வெளியே பஸ்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. பிறகு மழைத்தண்ணீர் ஓட்டிலிருந்து சொட்டுவது அடங்கியது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டேயிருந்தது, அதன் சத்தம் மட்டும் இல்லை.

முன்னறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"சொல்லுலே மக்கா."

ஞானையனின் குரல்.

"கேக்குதுலே. இப்ப நல்லாக் கேக்குது."

போன் சபிதாவின் கையில் இருந்தது. அதன் திரை இருண்டு கிடந்தது.

முன்னறையில் அவர் பேசினார். நிறுத்தினார். எதையோ கேட்டுக்கொண்டார். சிரித்தார். இன்னொரு குரல், அவள் பதிவில் மட்டுமே கேட்டிருந்த குரல், தடையில்லாமல் வேகமாகப் பேசியது. வார்த்தைகள் அவளுக்குப் பிடிபடவில்லை. இவ்வளவு நாளும் இடையில் நின்று சொன்னவள் அவள். இனி அவள் தேவையில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே ஓடவும் கால் வரவில்லை.

பேச்சு நின்றது.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. போய்விட்டார்கள், இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு வந்தது நிம்மதி இல்லை.

பிறகு பெரியவர், குரலைத் தாழ்த்தி, மகனிடம் சொன்னார்:

"அந்தப் பிள்ளையயும் வரச் சொல்லுலே. அங்க தனியா நிக்கா."

இருட்டிக்கொண்டு வந்த முன்னறையில், தரையில் உரசியபடி, ஒரு நாற்காலி இழுபட்டது.